நூல் அறுக்காத பல்: கசப்பு மருந்து, விரலுறை, கம்பி மூன்றையும் பார்த்துவிட்டேன்

பவானியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளி யூனிபார்ம். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. கைக்குழந்தையில் வாய்க்குள் போன அவளுடைய வலது கட்டை விரல் போன வருஷம்தான் வெளியே வந்தது. அந்த விரல் சூப்பும் பழக்கத்தை நிறுத்த நான் வாங்கிய பொருட்களையும், ஏறி இறங்கிய இரண்டு பல் ஆஸ்பத்திரிகளையும் பற்றி எழுதுகிறேன். நான் தேடிய காலத்தில் விற்பவர்கள் எழுதியதுதான் கண்ணில் பட்டது. வாங்கிப் பயன்படுத்திய அம்மா ஒருத்தி எழுதியிருந்தால் எனக்கு ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் விரல் அவள் பல்லைக் கெடுத்திருந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தையல் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கத்திரி கைக்கு எட்டவில்லை என்றால் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிடுவோம். அவளுக்கு அப்போது ஐந்தரை வயது. மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்கிற மாதிரியே நூலை முன்பல்லில் வைத்துக் கடித்தாள். இழுத்தாள். நூல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் கடித்தாள், மறுபடியும் வழுக்கியது. "அம்மா, என் பல்லு அறுக்க மாட்டேங்குது" என்றாள்.

"நல்லா கடி கண்ணு, ஈன்னு காட்டு" என்றேன். கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து நின்றன. முன்னால் மட்டும் மேல்பல்லும் கீழ்பல்லும் தொடவே இல்லை. நடுவில் வட்டமாக ஒரு சந்து, அதில் நாக்கு நுனி தெரிந்தது. விரல் உட்கார்ந்து உட்கார்ந்து தனக்கென்று ஒரு இடம் செய்துகொண்டிருக்கிறது. வலது கை விரல் என்பதால் சந்தும் வலது பக்கம் சற்றுப் பெரிதாக இருந்தது. அதுவரை தினமும் நான்தான் அவளுக்குப் பல் தேய்த்துவிட்டிருக்கிறேன். கண்ணில் படவே இல்லை.

அந்த வாரமே பக்கத்தில் இருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு நிமிடம் பார்த்தார். "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும். அப்புறம் பன்னிரண்டு வயசுல கிளிப் போட்டுக்கலாம்" என்றார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை நேரம் சூப்புகிறாள், தூக்கத்திலா, பகலிலா, எதுவும் இல்லை. 200 ரூபாய் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தேன். அந்த நிம்மதிதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. பால் பல் இருக்கும்போதே விரலை நிறுத்திவிட்டால், அந்தச் சந்து பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும் என்று பின்னால்தான் தெரிந்தது. எங்களுக்கு அந்தக் காலம் கைவிட்டுப் போனது. பால் பல் விழுந்தது, புதுப் பல் முளைத்தது, விரல் மட்டும் அதே இடத்தில் இருந்ததால் புதுப் பல்லும் வெளியே தூக்கிக்கொண்டே வந்தது.

இடையில் வீட்டு வைத்தியம் எல்லாம் ஓடியது. "ஏம்மிணி, வேப்பெண்ணெய் தடவி விடு, ரெண்டு நாள்ல மறந்துரும்" என்றார் மாமியார். தடவினோம். மூன்றாம் நாள் அவள் வேப்பெண்ணெயோடு சேர்த்தே சூப்பினாள். மிளகாய் தடவச் சொன்னவர்களும் உண்டு. அதை மட்டும் நான் செய்யவில்லை. தூக்கத்தில் அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும்?

அடுத்தது கசப்பு மருந்து. நகப்பூச்சு மாதிரி சின்ன பாட்டிலில் பிரஷ்ஷோடு வரும், 350 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். இதில் இருப்பது டினடோனியம் பென்சோயேட். உலகத்தில் மனிதனுக்குத் தெரிந்தவற்றிலேயே மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. குழந்தைக்குப் போடுவதற்கு முன்னால் என் விரலில் தடவி நக்கிப் பார்த்தேன். வேப்பிலை, பாகற்காய் எல்லாம் பக்கத்தில் நிற்காது. காபி குடித்தும் போகவில்லை, மத்தியானம் வரைக்கும் தொண்டையில் நின்றது.

வேலை செய்ததா என்றால், பகலில் நான்கு நாள் செய்தது. ஆனால் ஒரு விஷயத்தை அந்தப் பாட்டில் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். அவள் சூப்புவது வலது கட்டை விரல், தயிர்சாதம் பிசைவதும் அதே விரல். முதல் வாய் வைத்தவுடன் முகம் கோணிப்போய்த் துப்பினாள். அடுத்த கவளமும் கசந்தது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். சோப்பு போட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. ஸ்பூன் கொடுத்தேன், இரண்டு நாளைக்கு ஊட்டியும் விட்டேன். ஐந்தாம் நாள் அவள் பாவாடையில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு வாயில் வைத்துக்கொண்டாள், கசப்பு பழகியும் போயிருந்தது. "நான் கெட்ட பொண்ணாம்மா, அதான் கசப்பு தடவறியா?" என்று கேட்ட அன்றைக்குப் பாட்டிலை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். பெரிய பிள்ளை, தானே நிறுத்த ஆசைப்படுகிறது, பகலில் மறந்துபோய் வாய்க்குள் போகிறது என்றால் அதற்கு நினைவூட்ட இது உதவும். தூக்கத்துக்கு உதவாது. சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் விரலுறை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், தொழில் அப்படி. இரண்டு வகை வாங்கினேன். ஒன்று சிலிக்கானில் குழாய் மாதிரி, காற்றுப் போக ஓட்டையோடு, மணிக்கட்டில் பட்டை. அதை முதல் ராத்திரியே பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டாள். இன்னொன்று துணி, 450 ரூபாய். படத்தில் அழகாக இருந்தது, கையில் வாங்கிப் பார்த்தால் பாலியஸ்டர். உள்பக்கம் ஓவர்லாக் தையல் விளிம்பு அப்படியே கரடாக விட்டிருக்கிறார்கள். கட்டை விரலின் வேர்ப்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில், சரியாக அந்த விளிம்பு உட்காருகிறது. ஏற்கெனவே எச்சிலில் ஊறி வெளுத்து, மூட்டு மேல் காய்ப்பு விழுந்திருக்கிற விரல் அது. வெல்க்ரோ முடியில் மாட்டிக்கொள்கிறது. சித்திரை மாதம் எங்கள் ஊர் வெயிலில் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய ஆளே தூங்க முடியாது.

இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே தைத்தேன். பல தடவை துவைத்து மெத்தென்று ஆகியிருந்த அவள் அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு. தையலை வெளிப்பக்கம் வைத்து, கட்டை விரலுக்கு மட்டும் கூடு, மற்ற நான்கு விரலும் வெளியே. மணிக்கட்டில் எலாஸ்டிக் வைக்கவில்லை. எலாஸ்டிக் தூக்கத்தில் இறுகினால் ரத்த ஓட்டம் கெட்டுவிடும். அதனால் நாடா வைத்து, முடிச்சுக்குள் என் சுண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினேன். அதில் அவளுக்குப் பிடித்த மயில் ஒன்று எம்பிராய்டரி. "மயில் தூங்கட்டும், எழுப்பாதே" என்று சொல்லிக் கட்டிவிடுவேன். இது ராத்திரியில் பாதி வேலை செய்தது. காலையில் சில நாள் மயில் காய்ந்து இருக்கும், சில நாள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கடையில் வாங்குகிற விரலுறை எதற்கும் நான் காசு கொடுக்கச் சொல்ல மாட்டேன். பழைய வேட்டி இருந்தால் போதும்.

ஏழு வயதில் முன்பல் இரண்டும் முழுதாக முளைத்து, உதடு மூடாத நிலை வந்தபோதுதான் ஈரோட்டில் குழந்தைகளுக்கென்றே இருக்கும் பல் டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிட்டுப் போனாலும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். போனில் கேட்டால் பதில் வர மறுநாள் ஆகும். இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த டாக்டரம்மா செய்த முதல் காரியத்துக்காக இவை அத்தனையையும் மன்னித்துவிட்டேன்.

வாயைத் திறக்கச் சொல்லவில்லை. என் மகளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "எந்த விரல் பாப்பா உன் ஃபிரெண்டு?" என்று கேட்டார். அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு ஃபிரெண்டு இருந்துச்சு, இடது கை" என்றார் டாக்டர். மெதுவாகக் கை முன்னால் வந்தது. எப்போதெல்லாம் வாய்க்குள் போகும் என்று அவளிடமே கேட்டார். டிவி பார்க்கும்போது, தூங்கும்போது, அப்புறம் "அம்மா மிஷின் ஓட்டும்போது" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி பிறந்து ஆறு மாதத்தில் நான் மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன், ராத்திரி பதினொரு மணி வரை வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் தனியாகத் தூங்கியிருக்கிறாள், விரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

அதன் பிறகுதான் வாய்க்குள் பார்த்தார். அளவுகோல் வைத்து எடுத்தார். மேல்பல் கீழ்பல்லை விட 6 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது, நடுச் சந்து 4 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் என்றால் எனக்குக் கிட்டத்தட்ட கால் இஞ்ச் கணக்கு. கால் இஞ்ச் தப்பினால் ஜாக்கெட்டில் தோள் இறங்கிவிடும் என்று தெரிந்தவள் நான். அது வாய்க்குள் என்ன செய்யும் என்று கேட்டேன். அச்சு எடுத்த பிறகு அவளுடைய பல் வரிசையை வெள்ளை மாவுக்கட்டில் செய்து கையில் கொடுத்தே விளக்கினார்.

மேல் அண்ணத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தட்டையாக அகன்றிருக்க வேண்டியது குறுகலாக, ஆழமாக இருந்தது. சும்மா இருக்கும்போது நம் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டித்தான் இருக்குமாம். வெளியிலிருந்து கன்னத்துத் தசை பல்லை உள்ளே தள்ளும், உள்ளிருந்து நாக்கு வெளியே தள்ளும், இரண்டுக்கும் நடுவில்தான் பல் வரிசை நிற்கிறது. விரல் உள்ளே வந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். அப்புறம் உள்ளே தாங்க ஆள் இல்லை, உறிஞ்ச உறிஞ்சக் கன்னம் மட்டும் அழுத்தும், மேல்தாடை குறுகும். அதனால்தான் இவளுக்கு வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் விரல் மேல்பல்லை வெளியேயும் கீழ்பல்லை உள்ளேயும் சாய்க்கிறது. வாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருப்பதால் கடைவாய்ப் பற்கள் சற்று அதிகமாக வளர்ந்து முன்சந்தை இன்னும் பெரிதாக்குகின்றன. பிறகு அந்தச் சந்தை அடைக்க நாக்கு முன்னால் வந்து பழகும், பேச்சிலும் தெரியும். இவள் "சட்டை" என்றால் காற்றுத்தான் முதலில் வரும், அதை நாங்கள் மழலை என்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

"அவ்வளவு பலமாவா அழுத்தறா?" என்று கேட்டேன். பலத்தை விட நேரம்தான் முக்கியம் என்றார். ஒரு நாளில் ஆறு மணி நேரம் லேசான அழுத்தம் இருந்தாலே பல் நகர ஆரம்பித்துவிடுமாம், கிளிப் போடுவதும் அதே கணக்கில்தான். ராத்திரி முழுக்க வாய்க்குள் விரல் என்றால் அந்தக் கணக்கு தூக்கத்திலேயே நிறைந்துவிடுகிறது. கைக்குழந்தை விரல் சூப்புவது இயல்புதான், வயிற்றுக்குள்ளேயே சூப்பும், ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே விட்டுவிடுவார்கள். மூன்று, நாலு வயது தாண்டியும் விடவில்லை என்றால் அப்போதே காட்ட வேண்டும் என்றார். எனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

உடனே கம்பி போட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் ஒரு காலண்டர் கொடுத்தார். விரல் வைக்காத நாளுக்கு ஒரு நட்சத்திரம், வைத்த நாளுக்குத் திட்டு கிடையாது, கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். ராத்திரி அவள் தூங்கும் வரை மிஷின் ஓடக்கூடாது. பதினைந்து நிமிடம் பக்கத்தில் படுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பகல் பழக்கம் இதிலேயே நின்றுபோனது. காசு செலவில்லாத வைத்தியம் இதுதான், நான் பார்த்ததில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். ஆழ்ந்த தூக்கத்தில் மட்டும் விரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. "எனக்கே நிறுத்தணும், ஆனா தூங்கறப்ப எனக்குத் தெரியலையே" என்று அவளே சொன்ன பிறகுதான் கம்பி. பிள்ளை வேண்டாம் என்று நிற்கும்போது மாட்டினால் பிடுங்கிப் போட்டுவிடும் என்றார் டாக்டர்.

கம்பிக்குப் பெயர் பேலட்டல் கிரிப். இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லிலும் எஃகு வளையம், அங்கிருந்து அண்ணத்தை ஒட்டி ஒரு கம்பி, முன்பல்லுக்குப் பின்னால் சின்ன வேலி மாதிரி வளைவுகள். குத்தாது. விரல் அண்ணத்தைத் தொட முடியாது, உறிஞ்சினால் அந்தச் சுகம் கிடைக்காது, அவ்வளவுதான் அதன் வேலை. எல்லாம் சேர்த்து எங்களுக்கு 6,500 ரூபாய் ஆனது, இரண்டு தவணையாகக் கட்டினேன். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதை விடக் குறைவாக முடியும். அலைய நேரம் இருப்பவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மே மாத லீவில் போட்டோம், அது நல்ல முடிவு. முதலில் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இடம் உண்டாக்க நீல நிறத்தில் குட்டி ரப்பர் வளையம் மாட்டி ஒரு வாரம் விட்டார்கள். முறுக்கு கடித்து ஒன்று கழன்று, மறுபடி பஸ் ஏறினோம். அளவெடுக்கும் பசையை வாயில் வைத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது, மூக்கால் மூச்சு விடச் சொல்லிக் காலை ஆட்டச் சொன்னார்கள், சமாளித்துவிட்டாள். ஐந்து நாளில் லேபிலிருந்து கம்பி வந்தது, பசை வைத்து ஒட்டினார்கள். வலி எதுவும் இல்லை.

வலி இல்லை என்றேனே தவிர, முதல் வாரம் சுலபமில்லை. எச்சில் வழிந்துகொண்டே இருந்தது, தலையணைக்கு மேல் துண்டு விரித்தோம். பேச்சு குழறியது. நாக்கில் கம்பியின் தடம் வரி வரியாகப் பதிந்திருந்தது, பதறிப்போய்ப் போன் செய்தேன், சாதாரணம்தான் என்றார்கள். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தும், ராகிக் கூழும், குழைந்த சாதமும்தான் இறங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள், ஒன்றும் கிடைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அது போயிருச்சு" என்று விம்மினாள். ஏழு வருஷத் துணை போனதற்கு அழுகிற அழுகை அது. மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். பத்து நாளில் பேச்சு தெளிந்தது, இரண்டாவது வாரக் கடைசியில் தோசை முறுகலாகக் கேட்டாள்.

கம்பியில் குறை என்றால், சோறு சிக்கும். ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் கொப்பளித்து, சின்ன பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் வாய் நாறும், வளையத்துக்கு அடியில் சொத்தை விழும். கமர்கட், கடலை மிட்டாய், சூயிங்கம் எல்லாம் கூடாது. ஆகஸ்டில் அம்மாயி வீட்டில் ஒரு கமர்கட் கொடுத்து ஒரு பக்க வளையம் தளர்ந்துவிட்டது. திரும்ப ஒட்ட 300 ரூபாய் வாங்கினார்கள். கம்பி போடும்போதே இப்படி ஒரு செலவு வரலாம் என்று சொல்லியிருக்கலாம், அது எனக்கு வருத்தம்தான்.

விரல் முதல் மாதத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் உடனே கழற்றவில்லை. பழக்கம் திரும்பாமல் இருக்கவும், நாக்கு பின்னால் நிற்கப் பழகவும் பிப்ரவரி வரை வைத்திருந்தார்கள். கழற்றிய அன்றைக்கு அளந்தபோது 4 மில்லிமீட்டர் சந்து 1 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. மேல்பல் தூக்கல் 6 இலிருந்து 4. உதடு மூடுகிறது. விரல் தோல் மற்ற விரல்களின் நிறத்துக்கு வந்துவிட்டது, காய்ப்பு லேசாகத் தடவினால்தான் தெரிகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கம்பி பழக்கத்தைத்தான் நிறுத்தும், குறுகிய மேல்தாடையை விரிக்காது. வலது பக்கம் மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே மாறிக் கடிப்பது அப்படியேதான் இருக்கிறது, கடிக்கும்போது தாடை சற்றுக் கோணிப் போகிறது. வளர்ச்சி முடிவதற்குள் அண்ணத்தை விரிக்கிற இன்னொரு கருவி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். யூனிபார்ம் சீசன் காசு வந்தவுடன் அதற்குப் போகப் போகிறோம்.

கடைசித் தடவை போனபோது டாக்டரம்மா என் வாயைப் பார்த்து, "நூல் கடிக்கிறீங்களா?" என்று கேட்டார். கண்ணாடியில் காட்டினார். என் மேல் முன்பல்லின் விளிம்பில் நூல் ஓடிய இடத்தில் அரிசி முனை அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. இருபது வருஷ வேலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னக் கத்திரியை நாடா போட்டு மிஷினிலேயே கட்டிவிட்டேன். முடிச்சு போட்டது என் மகள். நான் மறந்துபோய் நூலை வாய்க்குக் கொண்டுபோனால் மேஜையில் இரண்டு தட்டு தட்டுகிறாள். எனக்கும் ஒரு காலண்டர் எழுதி மிஷினுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். இந்த மாதம் பதினோரு நட்சத்திரம்.